பெரிய தோட்டாவா, சரியான தோட்டாவா?

பப்ஜி ஆடின எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். வானத்துல இருந்து ஏர்டிராப் பெட்டி விழுந்தா மொத்தக் கூட்டமும் அதை நோக்கி ஓடும். காரணம், ஏ.டபிள்யூ.எம். துப்பாக்கி. அதோட தோட்டா பேரு .300 மேக்னம். மூன்றாம் லெவல் ஹெல்மெட் போட்டிருந்தாலும் தலையில ஒரே ஷாட், ஆள் காலி. அதனால நம்ம தலைமுறை மண்டையில ஒரு கணக்கு பதிஞ்சுபோச்சு: தூரமா சுடணும்னா பெரிய தோட்டா வேணும்.

நான் டென்வர்ல இருக்கேன். ஓய்வு நேரத்துல நெடுந்தூர ரைபிள் சுடுதல் என்ற விளையாட்டுல ஈடுபடுறேன். அமெரிக்காவுல இது பெரிய விளையாட்டு. இலக்கு சில நூறு கெஜத்துல இருந்து 1000 கெஜம் வரைக்கும், சில போட்டிகள்ல அதுக்கு மேலயும் இருக்கும். 1000 கெஜம்னா 914 மீட்டர். நம்ம பாஷையில சொன்னா, 45 கிரிக்கெட் பிட்சை வரிசையா அடுக்கின தூரம். அந்த மாதிரி ஒரு ரேஞ்சுக்குப் போய்ப் பார்த்தீங்கன்னா, மேக்னம் தோட்டா வெச்சிருக்கிறவங்க குறைவாத்தான் இருப்பாங்க. பெரும்பாலானவங்க கையில இருக்கிறது, ராணுவங்கள் பல பத்து வருஷமா பயன்படுத்தின 7.62-ஐ விட ஒல்லியான குண்டு. சிறுசைத் தேடிப் போறாங்க. ஏன்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல வார்த்தைகளைத் தெளிவு பண்ணிக்கலாம். தோட்டா வேற, குண்டு வேற. தோட்டா என்பது முழு பொட்டலம்: பித்தளை உறை, அதுக்குள்ள மருந்து, அடியில அதைப் பற்ற வைக்கிற ப்ரைமர், முனையில குண்டு. சுட்டதும் குண்டு மட்டும்தான் பறக்கும், உறை நம்மகிட்டயே தங்கிடும். குண்டின் எடையை கிரெய்ன்ல சொல்வாங்க. 15 கிரெய்ன் சேர்ந்தா ஏறக்குறைய 1 கிராம். பேர்கள்ல இருக்கிற எண்களை ரொம்ப நம்ப வேண்டாம். .308 என்பது குண்டின் விட்டம், அங்குலத்துல. .30-06-ல வர்ற 06, அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906-ஆம் ஆண்டு. 6.5 மில்லிமீட்டர்னு பேர் வெச்ச குண்டோட உண்மையான விட்டம் 6.7. அப்படித்தான், ஜாதகம் பார்த்து வெச்ச பேர் மாதிரி.

கீழே இழுக்கிறது யாரு, பக்கத்துல தள்ளுறது யாரு?

பேரலை விட்டு வெளியே வந்த நொடியிலேயே குண்டு விழ ஆரம்பிச்சிடும். கையில இருந்து நழுவுற எலுமிச்சம்பழம் எந்த வேகத்துல விழுமோ, அதே வேகத்துலதான் குண்டும் விழும். புவியீர்ப்புக்குப் பெரியவன் சின்னவன் கிடையாது. முதல் ஒரு வினாடியில சுமார் 5 மீட்டர். ஆக, எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருதோ அவ்வளவு குறைவா விழும்.

.308 வின்செஸ்டர், 175 கிரெய்ன் குண்டு. இது ரொம்ப காலமா இந்த விளையாட்டோட அடிப்படைத் தோட்டா. 1952-ல விற்பனைக்கு வந்தது. இதோட ராணுவ வடிவம்தான் நாம கேள்விப்படுற 7.62 நேட்டோ. 100 கெஜத்துக்குச் சரி பண்ணி வெச்ச ரைபிளை அப்படியே 1000 கெஜத்துக்குக் காட்டினா, கடல்மட்டக் காற்றுல குண்டு இலக்குக்கு 10 மீட்டருக்கு மேல கீழே போய் விழும். மூணு மாடி உயரம்! 6.5 கிரீட்மோர், 140 கிரெய்ன்னு ஒரு தோட்டா இருக்கு, அதுல இது 8 மீட்டர் பக்கம் வரும்.

உடனே "அப்போ 6.5 தான் பெஸ்ட்"னு முடிவு பண்ணிடாதீங்க. விழுற அளவு ஒரு பிரச்சினையே இல்லை. ஏன்னா அது கணக்கு. தூரம் தெரியும், காற்றின் அடர்த்தி தெரியும், குண்டோட வேகத்தை அளந்திருக்கோம். போன்ல இருக்கிற ஒரு ஆப், "ஸ்கோப்பை இத்தனை கிளிக் மேலே திருப்பு"ன்னு சொல்லிடும். 8 மீட்டரா இருந்தாலும் 10 மீட்டரா இருந்தாலும் திருப்ப வேண்டியதுதான்.

உண்மையான எதிரி காற்று. தூரத்தை லேசர் வெச்சு அளந்திடலாம். ஆனா 914 மீட்டர் நீளத்துக்கு, வழியில ஒவ்வொரு இடத்துலயும் காற்று எவ்வளவு வேகத்துல அடிக்குதுன்னு அளக்குற கருவி போட்டியாளர் கையில கிடையாது. நீங்க நிற்கிற இடத்துல புல் அசையாது. 400-ஆவது கெஜத்துல ஒரு பள்ளம், அங்கே காற்று சுழலும். இலக்குப் பக்கத்துல இருக்கிற கொடி எதிர்த்திசையில பறக்கும். ஸ்கோப் வழியா கானல் நெளியுறதைப் பார்த்து, அது எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு வேகமா ஓடுதுன்னு கணிக்கணும். வெயில்ல ரோட்டு மேல தெரியுமே, அதே கானல்தான். மெரினாவுல பட்டம் விட்டவங்களுக்கு இது புரியும். கரையில ஒரு காற்று, மேலே போனா வேற காற்று.

மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் வேகத்துல குறுக்குக் காற்று அடிச்சா, நான் சொன்ன .308 குண்டு 1000 கெஜத்துல சுமார் 2.6 மீட்டர் பக்கவாட்டுல தள்ளிப்போகும். 6.5 குண்டு சுமார் 1.8 மீட்டர். இவ்வளவு தள்ளிப்போகுதேன்னு மலைக்க வேண்டாம், அதையும் ஸ்கோப்ல திருப்பிக்கலாம். நாம கவனிக்க வேண்டியது நம்ம கணிப்புல வர்ற பிசகு. காற்று 10 மைல்னு கணிச்சோம், உண்மையில 12. வெறும் 2 மைல் வித்தியாசம். நல்ல அனுபவசாலிக்கே இது நடக்கும். இந்த 2 மைலால .308 நடுப்புள்ளியில இருந்து ஏறக்குறைய 53 சென்டிமீட்டர் விலகும். 6.5 ஏறக்குறைய 37.

இதை ஒரு நிஜ இலக்குமேல வெச்சுப் பார்க்கலாம். அமெரிக்க 1000 கெஜப் போட்டி இலக்குல 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 20 அங்குலம், 9-க்கு 30, 8-க்கு 44. கணக்குப் போட்டா, அதே ஆள், அதே கணிப்பு, அதே பிசகு: .308-ல சுட்டவருக்கு 8, 6.5-ல சுட்டவருக்கு 9. ஒரு மதிப்பெண் வித்தியாசம்.

இதுதான் இந்த எபிசோடோட மையம். தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறதுன்னா பலத்தைத் தேர்ந்தெடுக்கிறது இல்லை. நாம எவ்வளவு தப்பு பண்ணுவோமோ, அதுல எவ்வளவை அந்தத் தோட்டா பொறுத்துக்கும்னு பார்க்கிறது.

ஒல்லிக்கு என்ன மகிமை?

எடை குறைந்த குண்டு எப்படிக் காற்றைத் தாங்குது? எடை மட்டும் பேசாது, உருவமும் பேசும். கனமான, நீளமான, கூர்மையான, ஒல்லியான பொருள் காற்றைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். இதை ஒரே எண்ணுல சொல்றதுக்குப் பேர்தான் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், சுருக்கமா பி.சி. அதிகமா இருந்தா காற்று அந்தக் குண்டோட வேகத்தைக் கம்மியாத்தான் திருடும். 175 கிரெய்ன் .308 குண்டுக்கு இது 0.5 பக்கம். 140 கிரெய்ன் 6.5 குண்டுக்கு 0.65 பக்கம். எடை குறைவு, ஆனா எண் அதிகம். ஏன்னா அதே எடையை ஒல்லியா, நீளமா நீட்டி வெச்சிருக்காங்க.

நீளமான குண்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நல்லா சுழலணும். பம்பரம் வேகமா சுத்துற வரைக்கும் நேரா நிற்கும், வேகம் குறைஞ்சா தலையாட்டும் இல்லையா, அதே கதைதான். பேரலுக்குள்ள இருக்கிற முறுக்குப் பள்ளங்கள்தான் சுழற்சியைக் கொடுக்குது. 6.5 கிரீட்மோர் பேரல்கள்ல பொதுவா 8 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. .308-ல 10-ல இருந்து 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஆகவே குண்டை மட்டும் மாத்திட்டா போதாது, பேரலும் அதுக்கு ஒத்துவரணும்.

இன்னொரு விஷயம், ஒலியின் வேகம். குண்டு ஒலியை விட வேகமா கிளம்பி, காற்றோட மல்லுக்கட்டி வேகம் குறைஞ்சு, வினாடிக்கு 340 மீட்டர் பக்கம் வரும்போது அதிர்வலைகள் அதோட உடம்புமேல இடம் மாறும். சில குண்டுகள் அங்கே தடுமாறும். 168 கிரெய்ன் மேட்ச்கிங்னு ஒரு பிரபலமான .308 குண்டு இருக்கு. 300 மீட்டர் சர்வதேசப் போட்டிக்காக 1959-ல சியரா நிறுவனம் வடிவமைச்சது. அந்தத் தூரத்துல தங்கம். ஆனா அதையே 1000 கெஜத்துக்கு எடுத்துட்டுப் போனா, போய்ச் சேருறதுக்குள்ள வேகம் ஒலிவேகத்தை நெருங்கித் தள்ளாட ஆரம்பிச்சிடும். அதனாலதான் நெடுந்தூரத்துக்கு 175 கிரெய்ன் வந்தது. 'நல்ல குண்டு' தனியா எதுவும் கிடையாது, 'இந்தத் தூரத்துக்கு நல்ல குண்டு' மட்டும்தான் உண்டு.

மூணு மதிப்பெண்ணுல தோத்த ஐரிஷ்காரங்க

கிரீட்மோர்ங்கிற பேர் எங்கே இருந்து வந்தது? நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்ல கிரீட் என்ற குடும்பத்தோட பண்ணை நிலம் இருந்தது. அதை வாங்கி, 1873-ல ரைபிள் ரேஞ்ச் ஒண்ணைத் திறந்தாங்க. அதே வருஷம் அயர்லாந்து அணி, அமெரிக்காவுக்கு சவால் விட்டது. அப்போ அயர்லாந்துதான் கெத்து. 1873-ல விம்பிள்டன்ல நடந்த எல்கோ ஷீல்டுப் போட்டியில ஜெயிச்ச கையோட வந்தவங்க. அமெரிக்காவுல நெடுந்தூரப் போட்டிக்குன்னு அணியே அதுவரை கிடையாது.

1874 செப்டம்பர் 26. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜம்னு மூணு தூரம், ஒவ்வொண்ணுலயும் ஆளுக்கு 15 ரவுண்டு. ஐரிஷ்காரங்க கையில இருந்தது ரிக்பி நிறுவனத்தோட, முன்பக்கம் மருந்து கெட்டிக்கிற பழைய வகை ரைபிள். அமெரிக்கர்கள் கையில ரெமிங்டனும் ஷார்ப்ஸும், பின்பக்கம் தோட்டா போடுற புது வகை. 'பின்பக்கம் போடுறதெல்லாம் துல்லியமா இருக்காது'ன்னு அந்தக் காலத்துல பலரும் நம்பினாங்க. பழைய தொழில்நுட்பத்துக்கும் புதுசுக்கும் நடந்த போட்டின்னே சொல்லலாம்.

கடைசி ஆளா சுட வந்தவர் அமெரிக்காவின் கர்னல் ஜான் போடைன். சுடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இஞ்சி பீர் பாட்டில் உடைஞ்சு கையைக் கிழிச்சிடுச்சு. கைக்குட்டையைச் சுத்திக்கிட்டுப் படுத்து, 1000 கெஜத்துல புல்ஸ் ஐ அடிச்சார். அமெரிக்கா 934, அயர்லாந்து 931.

அந்த மூணு மதிப்பெண் எங்கே போச்சு தெரியுமா? ஐரிஷ் அணியில மில்னர்னு ஒருத்தர், ஒரு ரவுண்டுல அற்புதமான புல்ஸ் ஐ போட்டார். ஆனா பக்கத்து இலக்குல. அதுக்கு மதிப்பெண் பூஜ்யம். சரியான இலக்குல விழுந்திருந்தா 4. ஜெயிச்சிருப்பாங்க. துப்பாக்கியும் குத்தம் இல்லை, மருந்தும் குத்தம் இல்லை.

அந்த இடத்துல இப்போ ரேஞ்ச் இல்லை. 1912-ல இருந்து அங்கே ஒரு மனநல மருத்துவமனை இயங்குது, அதுவும் கிரீட்மோர்ங்கிற பேர்லயே. பேர் மட்டும் விளையாட்டுல தங்கிப்போச்சு.

2007-ல ஹார்னடி நிறுவனம் ஒரு புதுத் தோட்டாவைக் கொண்டுவந்தது. டேவ் எமரி என்ற பாலிஸ்டிக்ஸ் நிபுணரும், தேசிய சாம்பியனா இருந்த டென்னிஸ் டெமில்லும் பேசி உருவாக்கினது. 6.5 மில்லிமீட்டர் ஒண்ணும் புதுசு இல்லை. ஸ்வீடனும் நார்வேயும் 1894-லேயே 6.5×55 பயன்படுத்தினாங்க. 1997-ல வந்த .260 ரெமிங்டனும் அதே விட்டம்தான். அப்போ புதுசா என்ன செஞ்சாங்க? உறையைக் கொஞ்சம் குட்டையாக்கினாங்க. அதனால நீளமான, பி.சி. அதிகமான குண்டு சாதாரண மேகஸீனுக்குள்ள அடங்கும். ரெண்டாவது, கடையில டப்பாவா வாங்கி அப்படியே போட்டியில சுடுற தரத்துல செஞ்சாங்க. அதுக்கு முன்னாடி நல்ல மதிப்பெண் வேணும்னா, ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவையும் கையால தயாரிக்கணும். வெற்றிக்குக் காரணம் அதிக சக்தி இல்லை, அதிக வசதி.

தோள்பட்டை, பேரல், பர்ஸ்

இப்போ ஒரு தம்பியோட கதை. என்கூட வேலை பார்க்கிறவர், திருச்சிக்காரர். கிரீன் கார்டு வந்ததும் இந்த விளையாட்டுல இறங்கினார். "அண்ணா, எடுத்தா பெருசா எடுத்துடணும்"னு .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினார். நல்ல தோட்டாதான், 1963-ல இருந்து இருக்கு. காற்றுல .308-ஐ விட நிச்சயமா மேல். ஆனா அது திருப்பி உதைக்கிற உதை .308-ஐப் போல ஒன்றரை மடங்கு வரும். 6.5 கிரீட்மோர் .308-ஐ விட ஏறக்குறைய கால்வாசி குறைவா உதைக்கும்.

ஒரு நாள்ல 60, 70 ரவுண்டு சுட்டாத்தான் பழக்கம் வரும். மூணாவது மாசம் தம்பியோட குண்டுகள் எல்லாப் பக்கமும் சிதற ஆரம்பிச்சது. ஸ்கோப்பை மாத்தினார், பைப்பாடை மாத்தினார், செலவு ஏறுச்சு. ரேஞ்சுல இருந்த ஒரு பெரியவர், அவருக்குத் தெரியாம மருந்து இல்லாத ஒரு டம்மித் தோட்டாவைக் கலந்து போட்டுக் கொடுத்தார். தம்பி விசையை அழுத்தினார். சத்தமும் வரலை, உதையும் வரலை. ஆனா துப்பாக்கி முனை மட்டும் வெடுக்குன்னு குனிஞ்சது. வரப்போற உதைக்கு உடம்பு முன்கூட்டியே பயந்து சுருங்குது. டாக்டர் ஊசியைத் தொடுறதுக்கு முன்னாடியே குழந்தை கையை இழுக்கிற மாதிரி. இந்த விளையாட்டையே விட்டுடலாம்னு இருந்தவர், அதை வித்துட்டு 6.5-க்கு மாறினார். பழைய பயம் போக அரை வருஷம் ஆச்சு.

அடுத்தது பேரல். ஒவ்வொரு ரவுண்டும் பேரலோட தொண்டைப் பகுதியைக் கொஞ்சம் சுட்டெரிக்கும். சின்ன ஓட்டை வழியா அதிக மருந்து எரிஞ்சா தேய்மானம் அதிகம். பொதுவா சுடுறவங்க சொல்ற கணக்கு: .308 பேரல் 5000 ரவுண்டு தாண்டியும் துல்லியமா இருக்கும், 6.5 கிரீட்மோர் 2500-3000, இன்னும் ஒல்லியான 6 மில்லிமீட்டர் வகைகள் 1500-2000. அதுக்கப்புறம் புதுப் பேரல், பொருத்துற கூலி, பல நூறு டாலர். அதாவது காற்றுல கிடைக்கிற லாபத்துக்கு இரும்புல வட்டி கட்டணும். அதனால .308 செத்துப்போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வாரம் தவறாமச் சுட்டுக் கத்துக்கிறவருக்கு அது இன்னைக்கும் நல்ல ஆசான். காற்றைத் தப்பாக் கணிச்சா பளிச்சுன்னு காட்டிக்கொடுத்திடும்.

மூணாவது, ஒரே சீர்மை. டப்பாவுல இருக்கிற 20 தோட்டாவும் ஒரே வேகத்துல போகணும். ஒரு குண்டு இன்னொண்ணை விட வினாடிக்கு 9 மீட்டர் மெதுவா கிளம்பினா, 1000 கெஜத்துல ஒரு சாண் கீழே விழும். கண்ணும் கையும் சரியா இருந்தும் குறி தப்பும். ஆகவே உங்க ஊர்க் கடையில எப்பவும் கிடைக்கிற, ஒரே தரத்துல வர்ற சாதாரணத் தோட்டா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கப்பல்ல வர்ற அபூர்வத் தோட்டாவை விட மேல்.

டென்வர் மாதிரி ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கடல்மட்டத்துல இருந்து 5280 அடி உயரம். காற்றோட அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே தோட்டா இங்கே கம்மியா விழும், காற்றுலயும் கம்மியா தள்ளிப்போகும். இங்கே எடுத்த எண்ணை ஹூஸ்டனுக்கு எடுத்துட்டுப் போனா உதவாது.

இரும்புத் தகடு இல்லாம உயிரா இருந்தா?

ஒரு முக்கியமான பேச்சு பாக்கி இருக்கு. 6.5-க்கு மாறி நல்லா சுட ஆரம்பிச்ச தம்பி ஒரு நாள் கேட்டார், "அண்ணா, 800 கெஜத்துல தகட்டை அடிக்கிறேன். இந்த சீசன்ல எல்க் மானுக்கு லைசென்ஸ் எடுத்திருக்கேன். எந்தத் தோட்டா எடுத்துட்டுப் போனா 800-ல அடிக்கலாம்?"

கொலராடோவுல எல்க் வேட்டை சட்டப்படி நடக்கிறது. சாப்பாட்டுக்காக வேட்டையாடுறவங்க நிறையப் பேர். அதைப் பத்தி உங்களுக்கு வேற கருத்து இருக்கலாம், அது வேற விவாதம். நான் அவருக்குத் தோட்டா பேர் சொல்லலை. ஒரு கணக்கு சொன்னேன்.

"800 கெஜத்துக்குக் குண்டு போய்ச் சேர எந்த ரைபிளா இருந்தாலும் ஒரு வினாடி ஆகும். நீங்க விசையை அழுத்தும்போது அது நின்னுட்டு இருந்துச்சு. அந்த ஒரு வினாடியில ஒரு எட்டு வெச்சா, ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். அதோட இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. உங்க குண்டு வயித்துல படும். அது செத்துடாது, காட்டுக்குள்ள ஓடும். ராத்திரி முழுக்க எங்கேயோ கிடக்கும்."

"பெரிய தோட்டா எடுத்தா?"ன்னார்.

"பெரிய தோட்டாவுக்கும் அதே ஒரு வினாடிதான் தம்பி."

இரும்புத் தகட்டுல 2 மைல் காற்றுப் பிசகுக்கு விலை ஒரு மதிப்பெண். உயிர் விஷயத்துல அதோட விலையை நாம கட்டுறதில்லை, அது கட்டுது. இங்கே வேட்டைக்காரர்களுக்குள்ளேயே இது பெரிய வாக்குவாதம். தியடோர் ரூஸ்வெல்ட் 1887-ல தொடங்கின பூன் அண்ட் கிராக்கெட் கிளப் மாதிரியான பழைய வேட்டை அமைப்பே, விலங்குகளை நெடுந்தூரத்துல இருந்து சுடுற போக்கை விமர்சிச்சிருக்கு. தம்பி கொஞ்ச நேரம் பேசலை. அந்த சீசன்ல அவர் தனக்கு 250 கெஜம்னு ஒரு எல்லை வெச்சுக்கிட்டார். ரெண்டு நாள் மலையேறினார், வெறுங்கையோட திரும்பினார். "பரவாயில்லண்ணா, கால்தான் வலிக்குது"ன்னார்.

அப்போ எதை வாங்குறது?

என்கிட்ட இந்தக் கேள்வி கேட்கிறவங்ககிட்ட நான் திருப்பி அஞ்சு கேள்வி கேட்பேன். எவ்வளவு தூரம் சுடப்போறீங்க, ஆசைப்படுற தூரம் இல்லை, உங்க ஊர் ரேஞ்சுல உண்மையா இருக்கிற தூரம்? வருஷத்துக்கு எத்தனை ரவுண்டு? உங்க தோள் 60-ஆவது ரவுண்டுல எப்படி இருக்கும்? பேரல் தேய்ஞ்சா மாத்தப் பணம் இருக்கா? பக்கத்துக் கடையில எந்த டப்பா எப்பவும் இருக்கு? அஞ்சுக்கும் நேர்மையா பதில் சொன்னா, பெரும்பாலானவங்க 6.5 கிரீட்மோர்லயோ .308-லயோதான் வந்து நிற்பாங்க. 1000-ஐத் தாண்டி ஒரு மைல் தூரத்துக்குப் போறவங்களுக்குத்தான் .300 மேக்னமும் .338 லபுவாவும். அதுக்கும் முன்னாடி பல ஆயிரம் ரவுண்டு அனுபவம் வேணும்.

இப்பதான் தொடங்குறீங்கன்னா என் பதில் இன்னும் சின்னது: .22 எல்.ஆர். சுண்டுவிரல் நுனி சைஸ் தோட்டா, 40 கிரெய்ன் குண்டு, உதையே கிடையாது, விலையும் ரொம்பக் குறைவு. 200 கெஜத்துல வெச்சுச் சுட்டுப் பாருங்க, காற்று அதைப் பந்தாடும். கானல் பார்க்கிறது, கொடி பார்க்கிறது, பொறுமையா விசை அழுத்துறது எல்லாத்தையும் அது கற்றுக்கொடுக்கும்.

நம்ம ஊர்ல இருந்து கேட்கிறவங்களுக்கு: இந்தியாவுல 1000 கெஜ விளையாட்டெல்லாம் எளிதுல எட்டாது. ஆயுதச் சட்டம், உரிமம்னு கட்டுப்பாடுகள் கடுமை. ஆனா அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்கள் இருக்கு. 10 மீட்டர் ஏர் ரைபிள்ல இருந்து 50 மீட்டர் .22 வரைக்கும் முறையா பயிற்சி எடுக்கலாம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினது 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியிலதான். அந்த இலக்குல 10-ஆம் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், நம்ம சட்டைப் பொத்தான் அளவு. போட்டி .22 குண்டுகளை ஒலிவேகத்துக்குக் கொஞ்சம் கீழேயே கிளம்புற மாதிரி செய்றாங்க. 168 கிரெய்ன் குண்டு கடைசியில தடுமாறுற அந்த எல்லையை இது தொடவே தொடாது.

அந்த மட்டத்துல தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறதே தனி வேலை. ஒரே கம்பெனி, ஒரே பேர், ஒரே விலை. ஆனா ஒவ்வொரு முறை தயாரிக்கிற தொகுதிக்கும் ஒரு எண் உண்டு. இங்கிலாந்துல எலி, ஜெர்மனியில லபுவா போன்ற நிறுவனங்களோட சோதனைக் கூடத்துக்கு வீரர்கள் தங்களோட சொந்த ரைபிளைக் கொண்டுபோவாங்க. ஒவ்வொரு தொகுதியையும் சுட்டுப் பார்த்து, தன் பேரலுக்குப் பிடிச்ச எண் எதுன்னு கண்டுபிடிச்சு, அதையே மொத்தமா வாங்குவாங்க. பக்கத்துல நிற்கிறவருக்குத் தங்கமா இருந்த தொகுதி, இவர் பேரலுக்கு ஒத்துக்காமப் போகலாம். விளம்பரத்துலயோ விமர்சன வீடியோவுலயோ அதுக்கு விடை கிடையாது. படுத்து, சுட்டு, ஓட்டைகளை எண்ணிப் பார்க்கணும்.

கேமரா லென்ஸ் வாங்கினாலும் ஓடுற ஷூ வாங்கினாலும் இதே கதைதான். பெரிய எண் மேல கண் போகும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி, நான் இதை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கையில எடுப்பேன்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. அந்த எண்ணை மட்டும் வேற யாரும் உங்களுக்கு விற்க முடியாது.

அடுத்த எபிசோட்ல, கானலைப் படிக்கிறது எப்படின்னு விரிவா பேசலாம். கேள்விகள் இருந்தா எழுதுங்க.